ஹீட்டர் போட்டால் வரும் பூச்சி

"பார்த்தீங்களா கூத்தை? கிழவன் இன்னிக்கும் வெளியில நாற்காலியைப் போட்டுத் தூங்குறான்!"

காலையில் என் மனைவி டெல்மா காபியைக்கூடக் கையில் கொடுக்காமல் இதைத்தான் சொன்னாள்.

கிழவன் என்றது பக்கத்து வண்டி வெர்ஜிலை. எங்களை மாதிரியே வீடு வாசலை விற்றுவிட்டு வீடு மாதிரி வசதியுள்ள மோட்டார் வண்டியிலேயே குடியிருக்கிற மனுஷன். பனி விழ ஆரம்பித்தால் பென்சில்வேனியாவிலிருந்து ஓட்டிக்கொண்டு இந்த யூமா பாலைவனத்துக்கு வந்துவிடுவார்.

இங்கே பகலில் வெயில் இதமாக இருக்கும். ராத்திரி பல் கிட்டிப்போகும். அந்தக் குளிரில்தான் கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெளியே கிடந்தார்.

"என்ன வெர்ஜில், வண்டியில பேய் புகுந்துடுச்சா?"

"பேய்னாக்கூடப் பரவாயில்ல லாயிட், பேச்சுத்துணைக்கு ஆகும். ஹீட்டர் போட்டா பூச்சி வருதுய்யா. மூஞ்சியிலயே மோதுது. குடலைப் புடுங்குற நாத்தம்!"

உள்ளே போய்ப் பார்த்தேன். தரையில் சூடான காற்று வருகிற துவாரங்களை எல்லாம் டேப் போட்டு அடைத்து வைத்திருந்தார். நசுங்கின பூச்சி ஒன்றைக் காட்டினார். பாலைவனத்தில் ஒரு பூச்சிகூட இல்லாமலா இருக்கும்?

டெல்மா அவர் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். ஃபீனிக்ஸிலிருந்து ரோண்டா வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது.

"ஹீட்டரைப் போட்டுப் பாரு கண்ணு, அப்பத் தெரியும்."

"நானே வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கிறேன், இதுல ஹீட்டரா? ஏம்ப்பா இப்படி மானத்தை வாங்குறீங்க?"

யாரும் போட்டுப் பார்க்கவில்லை. ரோண்டா கூட்டிக்கொண்டுபோன டாக்டரும் கதையை மட்டும் கேட்டார். ஞாபகம் தப்ப ஆரம்பித்துவிட்டது, இனிமேல் தனியாக விடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஃபீனிக்ஸில் ஒரு முதியோர் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள் ரோண்டா.

அப்புறம் ஒரு சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவள் வந்து இறங்கினாள்.

"தினமும் போன் பண்றாரு லாயிட். 'ஹீட்டர் குழாயைத் திறந்து பார்த்தியா, பூச்சி இருந்தா எனக்குப் புத்தி சரியா இருக்குன்னு ஒத்துக்கிட்டு அனுப்பிடுவாங்கல்ல?'ன்னு ஒரே கேள்வி. வண்டியைச் சுத்தம் பண்ணணும். கொஞ்சம் கூட வாங்களேன்."

டேப்பையெல்லாம் உரித்தோம். விரல் விறைத்துப்போனது. "முதல்ல கொஞ்சம் சூடு வரட்டும்" என்று அவளே ஹீட்டரைத் தட்டினாள்.

கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது. அப்புறம் ஒரு நாற்றம். அதற்கப்புறம் பூச்சி. ஒன்று, இரண்டு என்று இல்லை. கேடயம் மாதிரி பழுப்பு முதுகோடு ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் ரீங்காரம் போட்டுக்கொண்டு கிளம்பி, அவள் முடியில், கழுத்தில், வாயில்.

பென்சில்வேனியாவிலேயே குளிருக்கு ஒண்டிய நாற்றப்பூச்சி. குழாய்க்குள் கூட்டமாகத் தூங்கிக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. சூடு பட்டால்தான் முழிக்கும். ஹீட்டரைப் போடாமலே பார்த்த எங்கள் கண்ணில் எப்படிப் படும்?

ரோண்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பைத்தியம்னு சொல்லிட்டேனே! எங்கப்பாவை நானே பைத்தியம்னு சொல்லிட்டேனே!"

சத்தம் கேட்டு ஓடிவந்த டெல்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "நான் மட்டும் என்ன, கூத்துன்னு கேலி பண்ணினவதானே" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

அதற்கப்புறம் ரோண்டா வேலை செய்ததைப் பார்க்க வேண்டுமே! வண்டிக்கு அடியில் நான் மல்லாந்து படுத்துக் குழாய்களைக் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, கயிற்றில் பிரஷைக் கட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தாள். வாக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சினாள். சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். வெளித் துவாரத்துக்கு மெல்லிய கம்பி வலை போட்டு மூடச் சொன்னாள். கறுப்புக் குப்பைப் பை ஒன்று பூச்சியாலேயே உப்பிவிட்டது.

"போதும்மா, பளிச்சுன்னு ஆயிடுச்சு."

"இல்ல லாயிட். ஒரு காலு, ஒரு றெக்கைகூட உள்ள இருக்கக்கூடாது."

"பெத்தா இப்படி ஒரு பொண்ணைப் பெக்கணும்" என்று டெல்மா என் காதில் சொன்னாள். வெர்ஜில் திரும்பி வந்ததும் கொடுக்கலாம் என்று ஆப்பிள் பை பலகாரம் சுட அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். வெர்ஜில் சாய்கிற நாற்காலியை நான் தூசி தட்டி, அவர் வாசலில் விரித்து வைத்தேன்.

மத்தியானம் ரோண்டா ஹீட்டரை மறுபடியும் போட்டாள். ஒவ்வொரு துவாரமாகக் குனிந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தாள்.

"நாத்தம் சுத்தமாப் போயிடுச்சுல்ல? நாலு மணிக்கு வண்டியை வாங்குறவங்க வர்றாங்க."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"அப்போ வெர்ஜில்?"

"அவருக்கு அங்க பழகிடுச்சு லாயிட். திரும்பவும் எதுக்கு அவரைப் போட்டுக் குழப்பணும்?"

அவள் போன் அடித்தது. வெர்ஜிலுக்குக் காது மந்தம், எப்போதும் கத்தித்தான் பேசுவார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே நன்றாகக் கேட்டது.

"குழாயைத் திறந்தியா கண்ணு? இருந்துச்சா?"

ரோண்டா குப்பைப் பையின் வாயை இழுத்து இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டேம்ப்பா. ஒரு பூச்சிகூட இல்ல."

வெர்ஜில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்; காதைத் தீட்டித்தான் கேட்டேன்.

"நீயே பார்த்துட்டேன்னா சரியாத்தான் இருக்கும்மா. எனக்குத்தான் புத்தி போயிடுச்சு."