பீட்சா போகாத தெரு

"எல்டர் தெரு, பதினாலாம் நம்பர் வீடு. இருட்டினப்புறம் ஒரு பெரிய பீட்சா கொண்டுவந்து குடுப்பீங்களா?" என்று போனில் கேட்டான் வெஸ்லி.

பசியெல்லாம் இல்லை. அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தான். தவிர, அவன் உட்கார்ந்திருந்தது கலிஃபோர்னியாவில், சான் ஹோசேயில். பீட்சா கடை இருந்தது ஒஹாயோவில், டொலிடோ நகரத்தில். விமானத்தில் போனாலே பகல் பொழுது தீர்ந்துவிடும்.

சான் ஹோசேயில் சொந்த வீடு என்பது வெஸ்லி மாதிரி சம்பளக்காரனுக்கு எட்டாக்கனி. ஆகவே தான் வாடகை வீட்டிலேயே இருந்துகொண்டு, விலை மலிந்த ஏதோ ஒரு தூர ஊரில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது என்று தீர்மானித்திருந்தான். இணையத்தில் இதற்கென்றே வகுப்பெடுக்கும் ஒரு குருவுக்குக் காணிக்கையும் செலுத்தியாயிற்று. கல்யாணமான நாள்முதல் அவனும் நவோமியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் இந்த ஒரு வீட்டில் போகப்போகிறது. ஊர் தப்பாக அமைந்தால் அத்தனையும் அம்போ.

குருவின் முதல் உபதேசம், வீட்டை நேரில் போய்ப் பார்க்காதே என்பது. பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் கணக்குக் கெடும். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன காலம் போய், பார்க்காமலே வாங்கு என்கிற காலம் வந்துவிட்டது.

"ஒரு அவகாடோ வாங்க அரை மணி நேரம் அமுக்கி அமுக்கிப் பாக்குற. வீட்டை மட்டும் கண்ணால பாக்காம வாங்குவியா?" என்று கேட்டாள் நவோமி.

"அவகாடோவை நாம திங்கப்போறோம். அந்த வீட்டுல நாமளா இருக்கப்போறோம்?"

ஊர் ஊராக அட்டவணை போட்டு, வேலைவாய்ப்பு, வரி, வெள்ளம், திருட்டு என்று சலித்ததில் கடைசியில் சல்லடையில் நின்றது டொலிடோ. தரகர் லொரெய்ன் ஒரு வீட்டின் படங்களை அனுப்பினாள். "இருக்கறவங்க தங்கமானவங்க வெஸ்லி. ஒரு மாசம்கூட வாடகை தவறினதில்ல" என்றாள். குருவின் பாடத்திலோ பழைய குடித்தனக்காரரும் பழைய கம்பளமும் ஒன்று. வீடு கைக்கு வந்ததும் முதலில் வெளியே போகவேண்டியவை அவை இரண்டும்தான்.

மிச்சமிருந்தது கடைசிப் பரீட்சை. 'தரகர் பொய் சொல்வார். புள்ளிவிவரமும் பொய் சொல்லும். பக்கத்துப் பீட்சா கடைக்குப் போன் போட்டு, ராத்திரியில் அந்தத் தெருவுக்கு வருவாயா என்று கேள். வரமாட்டேன் என்றால் அது திருட்டுப் பயமுள்ள தெரு. பீட்சாக்காரன் பொய் சொல்லமாட்டான். அவனுக்கு அதில் என்ன லாபம்?' இது குருவாக்கு.

"பதினாலாம் நம்பரா?" என்றாள் கடைக்காரப் பெண்மணி. "சார் யாரு பேசறது?"

வெஸ்லி ஒளிவுமறைவு தெரியாதவன். "அந்த வீட்டை வாங்கப்போறேன்மா. இருக்கறவங்களைக் காலி பண்ணிட்டு, பெயிண்ட் அடிச்சு, வாடகையை ஏத்தி விடணும். அதான் தெரு எப்படின்னு விசாரிக்கிறேன்."

"கொஞ்சம் இருங்க சார். அடுப்புல ஏதோ கருகுது."

திரும்பி வந்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. "எது சார், பின்பக்கம் ஒரு செர்ரி மரம் நிக்குமே, அந்த வீடா?"

வெஸ்லி படங்களைப் புரட்டினான். சமையலறை ஜன்னலுக்கு வெளியே, வீட்டின் பின்புறம், ஒரு மரம் தெரிந்தது. தெருத்தெருவாக அலைகிறவர்களுக்கு என்ன ஞானம் என்று வியந்துபோனான். "அதே வீடுதான்!"

"ஐயையோ, வேண்டாம் சார். எங்க பையன் ஒருத்தன் அந்தத் தெருவுக்குப் போனான். பீட்சா போச்சு, வண்டி போச்சு, கால்ல கிடந்த ஷூவும் போச்சு. பனியில வெறுங்காலோட நடந்து வந்தான். அன்னையிலேர்ந்து அந்தத் திசையில நாங்க தலைவெச்சுக்கூடப் படுக்கறதில்ல."

வெஸ்லி அந்த வீட்டின் படங்களைச் சட்டென்று மூடினான். "என் குடும்பத்தையே காப்பாத்தினீங்கம்மா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல."

"ஒரு பீட்சா வாங்கிக்குங்க சார், போதும்."

நெகிழ்ந்துபோய்க் காளான் போட்ட பெரிய பீட்சா ஒன்றுக்குக் கார்டு எண்ணைச் சொன்னான். யாராவது பசித்தவருக்குக் கொடுத்துவிடச் சொன்னான். கட்டாயம் கொடுக்கிறேன் என்றாள் அவள். அடுத்த போன் லொரெய்னுக்கு. வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"ஒரு பீட்சாவோட விலையில நம்ம சொத்து மொத்தமும் தப்பிச்சுது, தெரியுமா?" என்று நவோமியிடம் மார்தட்டிக்கொண்டான்.

மூன்று மாதம் கழித்து லொரெய்ன் வேறொரு வீட்டைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டாள். வெஸ்லிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த எல்டர் தெரு வீடு என்னாச்சு?"

"அதை ஏன் கேக்குறீங்க! உங்களை மாதிரியே கலிஃபோர்னியாக்காரங்க ஏழெட்டுப் பேர் வந்தாங்க. எல்லாம் பேசி முடிஞ்சு, கையெழுத்துப் போடற நேரத்துல ஒவ்வொருத்தரா ஓடிட்டாங்க. வீட்டுக்காரர் வெறுத்துப்போய்ப் பாதி விலைக்குத் தள்ளிட்டார்."

வெஸ்லி நவோமியைப் பார்த்துக் கண்ணடித்து, அவளும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். அடுத்தவன் ஏமாந்த கதையில் ஒரு தனி ருசி இருக்கத்தான் செய்கிறது.

"பாவம், யாருங்க அந்த ஏமாளி?"

"அங்கேயே வாடகைக்கு இருந்தவங்கதான். பக்கத்துத் தெருவுல பீட்சா கடை வெச்சிருக்காங்க."