திரியாத துளி

பிள்ளை பெற்ற தங்கைக்கு உதிரம் நிற்கவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிச் சோதனை அறையில், சன்னல் வெயில் விழும் மேசை முன்னே அழகுமலை கைகட்டி நிற்கிறான். தங்கையின் ரத்தத்தில் தெளிந்த நீரோடு அவன் ரத்தத்துளியைக் கண்ணாடித் துண்டில் கலந்து, நர்ஸம்மா மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறார். "ரத்த அணு மேல ஒருவகைச் சர்க்கரை ஒட்டியிருக்கும் தம்பி. ஒன்னோடது அவளுக்கு ஒத்துக்கலைன்னா, பால் மாதிரித் திரிஞ்சுபோயிரும்." அவன் மேசைப் பக்கம் குனிகிறான். "காலையில கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டேங்க. தங்கச்சி வெறும் வயிறு." "இது குடிச்சு வாரதில்ல, பொறக்கும்போதே வாரது." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறார். துளி எங்கும் திரியாமல் ஒரே சிவப்பாக வழிகிறது. "சேருது. சட்டைக் கைய மடிச்சுவிடு." அழகுமலை இரண்டு கைகளையும் மடித்துவிட்டு நீட்டுகிறான்.