குறுக்குக் கம்பு

குதிரைக்குட்டி கம்புக்கு அடியில் தலையை நுழைத்தது. முதுகு இடித்தது.

பின்வாங்கி மறுபடி நுழைத்தது. மறுபடியும் டொக்.

தவிட்டு வாளியோடு ரெஜினா அப்படியே நின்றுவிட்டாள்.

கொட்டகை மூலையில் குறுக்கே அவளே ஆணி அடித்து வைத்த தைலமரக் கம்பு அது. தாய்க்குதிரை ஜூலி உள்ளே போக முடியாத உயரம். குட்டி மட்டும் இத்தனை நாளும் குனியாமல் போய், ஊறிய கொள்ளைத் தின்றுவிட்டு வரும்.

அதற்கு முன்பு எந்த வாளியை வைத்தாலும் ஜூலிதான் காலி செய்தாள். குட்டியைத் தள்ளிவிட்டுத் தின்றாள்.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? பால் கொடுக்கிற உடம்பு. பகலெல்லாம் ஏரிக்கரையில் சுற்றுலா ஆட்களைச் சுமந்துவிட்டுக் காய்ந்த புல்லைத் தின்றால் மடியில் என்ன சுரக்கும்?

சீசன் நடுவில், ஜூலி இனிச் சவாரிக்கு வரமாட்டாள் என்று ரெஜினா சொன்னாள். வீடு இரண்டுபட்டது.

அவள் கணவன் சூசை குதிரைகளோடு பிறந்து வளர்ந்தவன். அவள் வாக்கப்பட்டு வந்தவள்.

எலும்பும் தோலுமாய் நின்ற குட்டியைக் காட்டி, "இது தேறாது ரெஜினா. வந்த விலைக்குத் தள்ளிவிட்ரலாம்" என்றான்.

அவள் கேட்கவில்லை. ஜூலிக்குக் கொள்ளும் தவிடும் கூட்டினாள். குதிரைமசால் தழை அறுத்துப் போட்டாள். குட்டிக்கு இந்தக் கம்பை அடித்து வைத்தாள். குதிரைக்கு அங்கன்வாடி நடத்துகிறாள் என்று ஏரிக்கரையே சிரித்தது.

உள்ளுக்குள் அவளுக்கும் பயம்தான். குட்டி செத்தால் சீசன் வருமானமும் போச்சு, அவள் பேச்சுக்கு இருந்த மதிப்பும் போச்சு.

டொக்.

சத்தம் கேட்டு சூசை வந்தான். குட்டியின் பக்கவாட்டில் கை வைத்து விலா எலும்பைத் தேடினான். அழுத்தித் தேடினான்.

அகப்படவில்லை.

போய்ச் சுத்தியலை எடுத்து வந்தான். ஆணிகளைப் பிடுங்கினான். கம்பைக் கழற்றித் தூக்கிப் பிடித்தான்.

"எவ்ளோ ஒசத்தணும்?"

குதிரை விஷயத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக.

கம்பு கனம்தான். கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.