ஐந்து டிராயர்கள்

பிளாஸ்டிக் அலமாரியின் ஐந்தாவது டிராயரில் ஒட்டிய துணி ஓரத்தில் பிரிந்திருந்தது. மறுபடி பசை தடவினாள். துணி கோணிக்கொண்டது.

உரித்தாள். மறுபடி ஒட்டினாள்.

பனியன் கம்பெனியில் எடைக்குப் போடும் கட்பீஸ் துணி. வெள்ளையில் மஞ்சள் பூ. டிராயரின் முகப்பில் ஒட்டி, ஓரத்தை உள்பக்கம் மடித்து, சுருக்கம் விழாமல் நீவிவிட வேண்டும்.

அந்த அலமாரியின் டிராயர்கள் ஐந்தும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். கட்டிலில் படுத்தபடியே உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பார்ப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் உண்டென்றால் அவள் புருஷன் இந்நேரம் பங்களா கட்டியிருப்பான்.

மேல் டிராயரில் அவன் துணிகள். முதலில் அதற்குத்தான் ஒட்டினாள். ஆசைக்குச் செய்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மற்ற நான்கும் அவளுடையவை. ஒவ்வொன்றாகத் துணி ஒட்டி மறைத்தாள். ஒவ்வொன்றாகக் காலி செய்தாள்.

போன தடவை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலேயே பிடிபட்டாள். அன்றைக்கு முறிந்த இடது கை கோணலாகத்தான் கூடியது.

இந்த முறை பையே கிடையாது. தினமும் ஒரு சேலை சாப்பாட்டுக் கூடையின் அடியில் மடிந்து கம்பெனிக்குப் போனது. பத்தாவது சர்டிபிகேட்டும் அப்படித்தான் போனது. பக்கத்து மிஷினில் தைக்கும் சாரதாமணி எல்லாவற்றையும் தன் வீட்டில் வாங்கி வைத்திருக்கிறாள்.

நாளை திங்கட்கிழமை. வழக்கம்போல வேலைக்குப் போவாள். திரும்பி வரமாட்டாள்.

கறி வாங்கப் போனவன் வந்துவிட்டான்.

அவள் பசைக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து விலகி நின்றாள்.

பையைக் கீழே வைத்தான். டிராயர்களையே பார்த்தபடி நின்றான். மேல் டிராயரை இழுத்தான். துண்டை எடுத்து முகம் துடைத்தான். மூடினான்.

அவள் மூச்சு விட்டாள்.

"பரவால்லியே, கடையில வாங்குனாப்புல இருக்குது. இந்த மூலையில கெடந்தா யாரு பாக்கறது? சன்னல்கிட்ட வெச்சா வர்றவங்க கண்ணுல படும்."

கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அவளைப் பாராட்டியதே இல்லை. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து இன்னும் பயந்தாள்.

"வேண்டாங்க, பசை இன்னும் காயலீங்க."

அதற்குள் குனிந்துவிட்டான்.

இத்தனை நாளும் அவன் கண்ணைப் பற்றியே யோசித்திருந்தாள். கையைப் பற்றி யோசிக்கவில்லை.

இரண்டு பக்கமும் பிடித்து, மூச்சை அடக்கி, ஐந்து டிராயர் துணியைத் தூக்குகிறவன் தூக்குவதுபோலத் தூக்கினான்.

அலமாரி தலையணையைப் போல எழும்பி வந்தது. அவன் தள்ளாடி இரண்டடி பின்னால் போனான்.

இறக்கி வைக்கவில்லை. மார்போடு பிடித்தபடி மெல்லக் குலுக்கினான். மேல் டிராயரில் மட்டும் ஏதோ அசைந்தது.

பிறகு அவளைப் பார்த்தான்.

அவன் இரண்டு கைகளும் அலமாரியில் இருந்தன. அவனுக்குப் பின்னால் அல்ல, அவளுக்குப் பின்னால்தான் வாசல் இருந்தது. வந்தவன் கதவைச் சாத்தவில்லை.

அவள் செருப்பைத் தேடவில்லை.