பக்கத்து வீட்டுக் கைதட்டல்

டிவி மல்யுத்தத்தில் அக்னிவேலன் மறுபடியும் ஜெயித்தான். போட்டி நடத்தும் கம்பெனி ஊரெங்கும் கட்அவுட் வைத்து வளர்த்த நாயகன்.

"ஒரு தடவையாவது வலிக்குதுன்னு மூஞ்சிய சுளிச்சிருக்கியாடா?" என்று திரையைப் பார்த்து ஊளையிட்டார் மனைவியை இழந்த தணிகாசலம். கரண்ட் இருக்கும்வரை அந்த அபார்ட்மென்ட்டின் சுவர்கள் எந்தச் சத்தத்தையும் கைதட்டலாக மாற்றித்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்பும். பக்கத்து வீட்டிலிருந்தும் கைதட்டல் வந்தது. அது நிஜமா என்று கேட்க அவருக்கு அங்கே யாரையும் தெரியாது.

திடீரென்று கரண்ட் போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். "உனக்கெல்லாம் வலிக்கவே வலிக்காதாடா?"

தணிகாசலம் இருட்டில் தடவிப்போய்ச் சுவரைத் தட்டினார். "அம்மா, நானும் அதத்தாம்மா கேட்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

அந்தப் பக்கமிருந்து கைதட்டல்தான் பதிலாக வந்தது.