ஐந்தாவது மடிப்பு

“உங்க வீட்டுக்காரர் மூளையில ஒரு புரதம் தப்பா மடிஞ்சிருச்சும்மா. அது பக்கத்துல இருக்கறதையும் தன்னை மாதிரியே மடிய வெச்சுக்கிட்டே போகுது,” என்றார் டாக்டர்.

ஜெசிந்தாவுக்கு எரிச்சலாக வந்தது. கல்யாணப் புடவைகளுக்குக் கொசுவம் வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் தொழில்.

“பிரிச்சுத் திரும்ப மடிக்க வேண்டியதுதானே டாக்டர்?”

டாக்டர் பேனாவை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கணவன் சகாயம் வழக்கம்போல் அவளுக்கு எதிரே உட்கார்ந்து கொசுவத்தின் மறுமுனையைப் பிடித்தான். ஐந்தாவது மடிப்பை மட்டும் உள்பக்கமாகத் திருப்பினான். அவள் பிரித்து நேராக்கினாள். மறுபடியும் திருப்பினான். மறுபடியும் நேராக்கினாள்.

“சரியாத்தானே இருக்கு?” என்றான்.

“கையை எடுங்க!”

அவன் எழுந்து சுவரோரமாகப் போய் நின்றான். அவள் அடுத்த புடவையை இழுத்துப் போட்டு, தனியாகவே மடித்து, அழுத்தி அழுத்தி இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம் அந்தப் புடவையை வாங்க வந்த பெண் கொசுவத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

“அக்கா, அஞ்சாவது மடிப்பு உள்பக்கமா திரும்பியிருக்கே. யாரு மடிச்சது?”

ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்தாள்.

“நான்தாம்மா,” என்றான் சகாயம், அவசரமாக.