வாசல்ல இருந்த நீலப் பூ

கதையில பறவை பேசுதுன்னதும் கிளின்னுதானே நினைச்சீங்க? இல்லவே இல்லை. இது குடில் பறவை. மாப்பிள்ளை பார்க்க வர்றவளுக்காகக் குச்சியில குடில் கட்டி, வாசல்ல நீலப் பூவாப் பரப்பி வைக்கும்.

விடியக்காலைப் பனிக்குள்ள, குடிலுக்குப் பின்னால, மூணு கால்ல நின்ன கேமரா கொஞ்சலாக் கூப்பிட்டுச்சு. "மாப்ள, பூவெல்லாம் என் பக்கம் வை. அலகைத் தூக்கு... ஆஹா! இன்னும் ஒண்ணு."

பறவை கனவுல மிதக்கிற மாதிரி பூவையெல்லாம் பின்னால மாத்துச்சு. கழுத்தைச் சாய்ச்சு, றெக்கையை விரிச்சு நின்னுச்சு.

"போதுமாண்ணே? அவ வர்ற நேரம்."

"வரட்டும்டா! இந்த வெளிச்சம் மறுபடி வருமா?"

கிளையில இருந்த ஓணான் பொறுக்காம கத்துச்சு: "அட மடையா! அவ அப்பவே வாசலுக்கு வந்தாளே. வெறும் மண்ணையும் உன் முதுகையும் பார்த்துட்டுப் பறந்துட்டா!"